அண்டாவுக்குள் இருப்பவன்

சுவிட்சுப் பெட்டியில் பூட்டு தொங்கினால் அண்டாவுக்குள் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அந்தத் தீவன ஆலையில் வேலைக்குச் சேருகிற எவருக்கும் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் இதுதான். உள்ளே இறங்குகிறவன் தன் பூட்டைத் தானே மாட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். அவன் வெளியே வந்து தன் கையால் திறக்கிற வரைக்கும் ஆண்டவனே வந்து நின்றாலும் அண்டா ஓடக் கூடாது. இந்த நாட்டு ஆளுக்கு நீலப் பூட்டு, பக்கத்து நாட்டு ஆளுக்குச் சிவப்புப் பூட்டு; வேலைச் சட்டையும் அதே நிறம்தான். ஒருத்தர் பூட்டில் இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, இரண்டு மந்திரிகள் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அண்டா என்பது ஆட்கள் வைத்த பெயர். பலகையில் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. ஓர் அறை அளவுக்கு இரும்புத் தொட்டி. அதற்குள் தவிட்டையும் காய்ச்சிய பாகையும் விட்டால், உள்ளே இருக்கிற இரும்புப் பற்கள் சுழன்று சுழன்று மாட்டுத் தீவனமாகப் பிசைந்து தள்ளும். தவிடு அந்த நாட்டிலிருந்து, பாகு இந்த நாட்டிலிருந்து. கூட்டு வளர்ச்சித் திட்டம் என்று பெயர் வைத்து, எல்லையின் மேலேயே ஆலையைக் கட்டி, தரையில் மஞ்சள் கோடு இழுத்து, அண்டாவை அந்தக் கோட்டின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். ஆள் இறங்குகிற மூடி அந்தப் பக்கம். சுவிட்சும், தீவனம் வந்து விழுகிற வாயும் இந்தப் பக்கம். ஒருத்தரை விட்டு ஒருத்தர் ஓட்ட முடியாதாம், அதனால் சண்டையே வராதாம். மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுப்பில் சமைக்க விட்டால் ஒற்றுமையாக இருப்பார்கள் என்று நம்புகிற புத்திசாலிகள் போட்ட திட்டம் வேறு எப்படி இருக்கும்?

சண்டை வந்துவிட்டது. எல்லையில் எங்கோ யாரோ யாரையோ சுட்டுவிட்டார்கள் என்று செய்தி. மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவுவதற்குள் சைரன் அலறியது. அந்தப் பக்கத்துச் சிப்பாய்கள் சிவப்புச் சட்டைக்காரர்கள் எல்லோரையும் ஆடு மாடு மாதிரி பஸ்ஸில் அடைத்துக்கொண்டு போனார்கள். இந்தப் பக்கத்து ஆட்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்தித் தலை எண்ணினார்கள். ஒரு தலை குறைந்தது. 'வீட்டுக்கு ஓடியிருப்பான், கோழைப் பயல்' என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள்.

குறைந்த தலை குச்சியுடையது. சுவிட்சு போடுகிறவளின் தம்பி.

அவளை ஆலையில் எல்லோரும் சுவிட்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பி குச்சி, அண்டாவுக்குள் இறங்கிச் சுவரில் காய்ந்து ஒட்டியதைச் சுரண்டுகிறவன். அந்த வேலைக்கு ஒல்லியான ஆள்தான் வேண்டும். பற்களுக்கு நடுவே புகுந்து வர வேண்டுமே. அந்த நாட்டிலிருந்தும் அவனுக்குச் சோடியாக ஓர் ஒல்லி வந்து சேர்ந்தான். குச்சி அவனைப் பங்காளி என்று கூப்பிட்டான். "பங்காளின்னாலே பகையாளிடா, பாத்துப் பழகு" என்று அக்கா கேலி செய்வாள். "சொத்து இருந்தாத்தானே அக்கா பகை? எங்க ரெண்டு பேர்ட்டயும் இருக்கறது ஆளுக்கொரு சுரண்டி" என்று அவன் பல்லைக் காட்டுவான். ஒருவன் உள்ளே இறங்கினால் மற்றவன் மூடி பக்கத்தில் காவல் நிற்பான். மஞ்சள் கோட்டைத் தாண்ட அந்த இரண்டு பேருக்கு மட்டும் அனுமதி இருந்தது.

இப்போது சுவிட்சக்கா முற்றத்து வரிசையில் தலை தலையாகத் தேடினாள். தம்பி இல்லை. கைப்பேசியில் உயிரே இல்லை. சைரன் அடித்ததோடு எல்லாருடைய பேசியும் செத்துவிட்டது. தலைநகரிலிருந்து வந்திறங்கியிருந்த பாதுகாப்பு அதிகாரி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"அந்தப் பக்கத்தோட யாருக்காவது கொடுக்கல் வாங்கல், உறவு, சகவாசம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பின்னாடி எனக்காத் தெரிஞ்சா, நான் கேக்கற விதமே வேறயா இருக்கும்."

யார் வாயைத் திறப்பார்கள்? நேற்று வரை ஒரே பீடியை இரண்டாகக் கிள்ளிப் புகைத்தவர்கள்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்குப் பிறகுதான் மானேஜர் வந்து அவளைச் சுவிட்சு அறைக்குக் கூப்பிட்டார். வழியெல்லாம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். நல்ல மனிதர்தான், மேலதிகாரி என்று ஒருவர் வந்துவிட்டால் மட்டும் தொடை நடுங்கி.

"டி.வி.க்காரங்க வந்துட்டிருக்காங்கம்மா. அந்தப் பக்கத்து ஆளுங்க இல்லாமலே நாம ஆலைய ஓட்டறோம்னு காட்டணுமாம். மேல பாகு வேற காய்ச்சி நிக்குது, ஆறினா குழாய் மொத்தமும் அடைச்சுக்கும். நீ போய் அண்டாவப் போட்டுடு, போதும்."

சுவிட்சு அறையில் அதிகாரி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். பக்கத்தில் ஃபிட்டர், கையில் நீளமான இரும்பு வெட்டும் கட்டரோடு. சுவிட்சுப் பெட்டியில் சிவப்புப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மற்றவர்களுக்கு அது பக்கத்து நாட்டுப் பூட்டு. அவளுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். குச்சி தன் நீலப் பூட்டை எங்கேயோ தொலைத்துவிட்டான். தொலைத்தவனுக்கு விசாரணை, அது இது என்று மேலே வரைக்கும் போகும். அதற்குப் பயந்துகொண்டு பங்காளியின் பூட்டையே வாங்கி மாட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தான். 'பூட்டுக்கு நாடு தெரியுமாக்கா? பூட்டினாப் போதும்' என்று அவளிடமே சிரித்துச் சொன்னான். அவளும் ரெண்டு திட்டுத் திட்டிவிட்டு விட்டுவிட்டாள். இன்றைக்குக் காலையில், 'மத்தியானம் நான்தான் இறங்கணும், எனக்கு டீ எடுத்து வை' என்று சொல்லிவிட்டுப் போனவன் அவன்.

"வெட்டுய்யா" என்றார் அதிகாரி.

"சார்..." என்றாள் சுவிட்சக்கா. "உள்ள ஆள் இருக்கலாம் சார்."

"அந்தப் பக்கத்துக்காரங்களே மைக்குல சொல்லிட்டாங்க, எங்காளுங்க எல்லாரும் வந்தாச்சு, எண்ணிக்கை சரியா இருக்குன்னு. அப்புறம் உள்ள யாரு, பேயா? ஓடற அவசரத்துல பூட்ட விட்டுட்டுப் போயிருக்கான்."

"மூடியத் தொறந்து ஒரு தடவ பாத்துட்டா..."

"மூடி எங்க இருக்கு?"

அவள் வெளியே கையைக் காட்டினாள். கண்ணாடி வழியே பார்த்தால் மஞ்சள் கோடு தெரிந்தது. கோட்டுக்கு அப்பால், ஏணியடியில், துப்பாக்கியோடு அந்த நாட்டுச் சிப்பாய்கள் நின்றார்கள். மூடியை அவர்கள் இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம், அதே மாதிரி துப்பாக்கியோடு நம் சிப்பாய்கள். நடுவில் ஒரு பூனை குறுக்கே போனாலும் சுட்டுவிடுவார்கள் போல ஆளாளுக்கு முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்கூடக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு.

சொல்லிவிடலாமா என்று நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் தம்பி துரோகி. எதிரி நாட்டான் பூட்டைப் போட்டுப் புழங்கியவன் என்று இழுத்துக்கொண்டு போவார்கள். போனவன் திரும்பி வருவானா, எந்த லட்சணத்தில் வருவான், யாருக்குத் தெரியும்? சொல்லாவிட்டால்? அவளால் அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. ஒருவேளை அவன் உள்ளே இல்லையோ என்னவோ. வீட்டுக்குத்தான் ஓடியிருப்பானோ. அப்படியென்றால் வீணாக வாயைக் கொடுத்து, இல்லாத வினையை அவளே இழுத்து வீட்டுக்குள் விட்ட கதையாகிவிடும். இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் பள்ளம்.

"தட்டிப் பாக்கறது வழக்கம் சார். ஓட்டறதுக்கு முன்னாடி தட்டணும்" என்றாள்.

"சரி, தட்டித் தொலை. சீக்கிரம்."

அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் அண்டாவின் காலில் ஓங்கித் தட்டினாள். இரும்பு அதிர்ந்தது. காதை வைத்துக் கேட்டாள். ஜெனரேட்டர் உறுமல்தான் கேட்டது. மறுபடி தட்டினாள். 'டேய், பதில் தட்டுடா, சனியனே, பதில் தட்டுடா' என்று மனசுக்குள் கெஞ்சினாள். ஒன்றும் இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கத்துச் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியை லேசாகத் தூக்கினான். மானேஜர் அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பாத்துட்டியா? திருப்தியா?" என்றார் அதிகாரி.

ஃபிட்டர் கட்டரைப் பூட்டில் வைத்து அழுத்தினான். அவனுக்கும் இதில் இஷ்டமில்லை என்று முகமே சொன்னது. ஆனாலும் அழுத்தினான். டக்கென்று வெட்டுப்பட்டுப் பூட்டு தரையில் விழுந்து உருண்டது.

"ம், போடும்மா."

சுவிட்சக்கா பொத்தான் மேல் விரலை வைத்தாள். தினமும் வைக்கிற விரல்தான். பொத்தானை அழுத்தினால் முதலில் பாகு இறங்கும், கொதிக்கக் கொதிக்க. அதற்குப் பிறகு பற்கள் சுழலும். அவளுக்குத் தெரியாததா? விரலை எடுத்துக்கொண்டாள். அப்படியே பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள்.

"உள்ள என் தம்பி இருக்கான் சார்! என்ன வேணா பண்ணிக்கோங்க, நான் போடமாட்டேன்! அந்தப் பூட்டு அவன் மாட்டினது!"

அதிகாரி மெதுவாகக் குனிந்தார்.

"சிவப்புப் பூட்டு உன் தம்பி கைக்கு எப்படி வந்துச்சு?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பூட்டு தொலைந்தது, விசாரணைக்குப் பயந்தது, பங்காளியிடம் வாங்கிக்கொண்டது எல்லாவற்றையும். பேசப் பேச, அவர் கண் சுருங்கிக்கொண்டே போனது.

"ஓஹோ. பூட்டக் கைமாத்தற அளவுக்கு நெருக்கம். வேற என்னென்ன கைமாறிச்சு?"

"ஐயோ, சத்தியமா ஒண்ணுமில்ல சார். ரெண்டும் சின்னப் பயலுங்க..."

மானேஜருக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, நடுவில் புகுந்தார். "சார், தலை எண்ணும்போது நம்ம பக்கம் ஒண்ணு குறைஞ்சுது சார். இந்தப் பொண்ணோட தம்பிதான் அது. டி.வி. கேமரா முன்னாடி தீவனத்தோட நம்மாளே வெளிய வந்தான்னா, உங்களுக்கும் எனக்கும் சேத்துத்தான் சார் சங்கு."

அதிகாரி யோசித்தார். "நம்மாளுன்னா வேற விஷயம்" என்றார். "அவங்க ஆளா இருந்தா எனக்கென்ன வந்துச்சு? பாகு ஆறறதுக்குள்ள போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம். சரி, கீழ் வாயக் கழட்டுங்க. சீக்கிரம்."

மழை வந்தால் குடை எடுக்க வேண்டும் என்கிற மாதிரி அவர் அதைச் சொன்னார். சுவிட்சக்காவுக்கு உடம்பு சில்லிட்டது. அவர் சொன்னதால் மட்டும் அல்ல. தம்பி மட்டும் வீட்டில் இருந்திருந்தால் தானும் இந்நேரம் 'எனக்கென்ன' என்று பொத்தானை அழுத்தியிருப்போம் என்பது அவளுக்குத் தெரிந்தது. அழுத்தியிருப்பாள். சத்தியமாக அழுத்தியிருப்பாள்.

அண்டாவின் அடியில், தீவனம் விழுகிற வாயை மூடியிருந்த தகட்டை ஃபிட்டர் கழற்ற ஆரம்பித்தான். பாகு ஏறித் துருப்பிடித்த போல்ட்டுகள். ஒவ்வொன்றும் பிடிவாதக்காரனின் வாய் மாதிரி இறுகிக் கிடந்தது. அவள் பக்கத்தில் மண்டியிட்டு ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டாள். பாதிக்கு மேல் கழன்றபோது, உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. டொக்.

"கேட்டீங்களா அண்ணே?"

மறுபடியும் டொக், டொக்.

"இருக்கான்மா" என்றான் ஃபிட்டர். அவன் கண் கலங்கிவிட்டது. "உசுரோட இருக்கான்."

அவள் அழுதாள், சிரித்தாள், தகட்டைக் கையாலேயே பிய்த்துவிடுவது போல இழுத்தாள். தகடு விழுந்ததும் தவிட்டுத் தூசி புகை மாதிரி கொட்டியது. அதற்குப் பின்னால் இரண்டு கால்கள் வந்தன. ஃபிட்டர் இடுப்பைப் பிடித்து இழுக்க, ஓர் ஆள் சறுக்கிக்கொண்டு வந்து தரையில் விழுந்தான். தலைமுதல் கால்வரை பாகும் தவிடும் அப்பி, கண் இரண்டு மட்டும் தெரிந்தது. நீலச் சட்டை.

"என் ராசா!" என்று பாய்ந்து அவன் தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். நெற்றியைத் துடைத்தாள். சின்ன வயதில் படியிலிருந்து உருண்டு விழுந்து குச்சிக்கு நெற்றியில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. கட்டை விரலால் தேடினாள். தழும்பு இல்லை.

மறுபடி தேடினாள். நெற்றி வழவழவென்று இருந்தது. கண்ணைப் பார்த்தாள். பங்காளியின் கண்.

'இவன் என் தம்பி இல்லை' என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். அந்தக் கண் இரண்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. பொறியில் மாட்டிய எலிக்குக்கூட அவ்வளவு பயம் இருக்காது. பின்னால் பூட்சுச் சத்தம் நெருங்கியது. அவன் உதடு பிரிந்தது, "அக்..." என்று ஆரம்பித்தான். இரண்டு நாட்டுக்கும் பேச்சு ஒன்றுதான், ஆனால் அந்த நாட்டு இழுப்பு ஒரு சொல்லில் காட்டிக் கொடுத்துவிடும்.

பளார் என்று அறைந்தாள்.

"வாயத் தொறந்த, பல்லு எகிறிடும்! ஊரே பதறிட்டிருக்கு, உள்ள குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்க! தட்டினா தட்ட மாட்ட? காதுல ஈயத்தக் காய்ச்சி ஊத்திருக்கா? ஒரு பூட்ட வச்சுக் காப்பாத்தத் துப்பில்ல, உனக்கெல்லாம் ஒரு வேல, உனக்கெல்லாம் ஒரு அக்கா! வீட்டுக்கு வா, தோல உரிச்சு உப்பத் தடவறேன்!"

"இவன்தானா?" என்றது அதிகாரியின் குரல்.

"இந்த மூதேவிதான் சார். கூடப் பொறந்த பாவத்துக்கு நான் அனுபவிக்கறேன்."

ஃபிட்டர் அவனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் அந்த இரண்டு ஒல்லிகளோடும் தினம் பேசிப் பழகியவன். ஃபிட்டர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "குச்சிப்பயலே, நல்லா உசுர வாங்கினடா" என்றான்.

அதிகாரி குனிந்து நீலச் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை உருவினார். பாகு வழிந்த அட்டையைக் கட்டை விரலால் தேய்த்தார். குச்சியின் முகம் பாதி தெரிந்தது. அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேரச் சொல்லுடா."

பங்காளி தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினான். நிஜ இருமலோ பொய் இருமலோ, நிற்கவேயில்லை. ஃபிட்டர் அவன் முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினான். "தவிடு நெஞ்சுல இறங்கிருக்கு சார், இப்ப பேச வராது. முதல்ல தண்ணி காட்டணும்."

வாசலில் டி.வி. வண்டி ஹாரன் அடித்தது. அதிகாரி அட்டையைத் தன் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலையில அக்காவும் தம்பியும் என் ஆபீசுக்கு வரணும். முகத்தக் கழுவிக்கிட்டு வரச் சொல்லு. நல்லா முகம் பாத்துப் பேசணும்."

தகட்டை மறுபடி மாட்டினார்கள். பொத்தானை மானேஜரே அழுத்தினார். அண்டா உறுமத் தொடங்கியது. முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அவள் அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கட்டடத்துக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனாள். சுற்றிலும் யாருமில்லை. அவன் கை நிறையத் தண்ணீர் பிடித்து முகத்துக்குக் கொண்டுபோனான். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"கழுவாத! வாசல்ல காவல் இருக்கு, முகம் தெரியக் கூடாது. குடி, போதும். என் தம்பி எங்கடா?"

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு, மூச்சு வாங்க, காதருகே பேசினான்.

"மூடி எங்க பக்கம் இருக்குல்லக்கா. அனுமதி இருந்தாலும் அங்க நீலச் சட்டை நின்னா எங்க சிப்பாய்ங்க நிக்க விடமாட்டாங்க. அதனால யாரு உள்ள இறங்கினாலும், வெளிய காவலுக்கு நிக்கறவன் என் சிவப்புச் சட்டையப் போட்டுப்பான், இறங்கறவன் குச்சியோட நீலச் சட்டைய. இன்னைக்குக் குச்சி முறைதான். காலையிலேருந்து அவனுக்குக் கை வலி, அதான் நான் இறங்கினேன்."

"அப்புறம்?"

"சைரன் அடிச்சதும் சிவப்புச் சட்ட எல்லாத்தையும் பஸ்ஸுல ஏத்திட்டாங்க. 'உள்ள ஆள் இருக்கு, உள்ள ஆள் இருக்கு'ன்னு குச்சி கத்தினது எனக்குக் கேட்டுச்சுக்கா. சைரன் இரைச்சல்ல யாரும் காதுல வாங்கல. மூடியச் சாத்திட்டு அவன இழுத்துட்டுப் போயிட்டாங்க. நீங்க தட்டினப்ப யாரு தட்டறாங்கன்னு தெரியல. பயந்துட்டேன். போல்ட்டக் கழட்டற சத்தம் கேட்டப்புறம்தான் தட்டினேன்."

எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று அவர்கள் மைக்கில் சொன்னதன் கணக்கு அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

"பஸ்ஸுலேருந்து இறக்கினா என்ன பண்ணுவாங்க?"

"வீட்டாளுங்க வந்து அடையாளம் காட்டிக் கூட்டிட்டுப் போகணும். இந்த மாதிரி நேரத்துல அதான் எங்க ஊரு முறை."

"உனக்கு யாரு வருவா?"

"அக்கா. அக்கா மட்டும்தான் இருக்கு."

"இந்தச் சட்ட மாத்தற கூத்தெல்லாம் உங்கக்காவுக்குத் தெரியுமா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

முகம் தெரியாத அந்தப் பெண் இந்நேரம் தலைவிரி கோலமாக ஓடிக்கொண்டிருப்பாள். பஸ் நிற்கிற இடத்தில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வருவாள். தம்பியின் சட்டையைப் பார்ப்பாள், ஓடி வந்து தோளைப் பிடித்துத் திருப்புவாள். பக்கத்தில் ஓர் அதிகாரி நிற்பார், இவன்தானா என்று கேட்பார்.

"என்னடா சொல்லுவா உங்கக்கா?" என்றாள் சுவிட்சக்கா. "சொல்லுடா. என்ன சொல்லுவா?"

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இவன் யாரு, என் தம்பி எங்கன்னு கேட்டுக் கத்துவாக்கா. வேற என்ன சொல்லத் தெரியும் அவளுக்கு?"

சுவிட்சக்கா குழாயை மூடினாள். முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் கையை இறுகப் பிடித்தாள். வாசல் காவலாளிகள் இருவரும் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நடடா, நாயே!" என்று உரக்கத் திட்டிக்கொண்டே அவனை வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.